நாய்க்கு நெஞ்சுக் கட்டி: திருகோணமலையில் செய்ய வேண்டியது, பேராதனையில் கேட்க வேண்டியது

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போன நேரம் வீட்டு நாய் இரவிரவாகப் படுக்காமல், கழுத்தை நீட்டி, முன்முழங்கைகளை அகட்டி வைத்து மூச்சு வாங்கினால் வெறும் இருமல் என்று விட்டுவிடாதீர்கள். முகமும் கழுத்தும் வீங்கியிருந்தால், இதயத்துக்கு முன்னால் ஒரு கட்டி பெரிய நாளத்தை நெரிக்கிறதோ என்று பார்க்க வேண்டும். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டியான தைமோமா, நாய்களில் அரிதானாலும், அப்படி வரும்.

எக்ஸ்ரே எடுக்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க விடாதீர்கள், கட்டி மூச்சுக்குழாயை அமுக்கும். குப்புறப் படுத்தபடியே எடுக்கலாம். உணவுக்குழாய் விரிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். தைமோமாவோடு தசைச்சோர்வு நோயும் வரலாம். அப்போது சாப்பாடு எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். கட்டியை விட அந்த நியுமோனியாவே பல நாய்களைக் கொல்கிறது.

பிழை விடுகிற இடம் இதுதான்: மூச்சு இலகுவாகட்டும் என்று முதல் நாளே பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைக் கொடுப்பது. அதே இடத்தில் வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அந்த மருந்துக்குச் சுருங்கும், பிறகு மாதிரி எடுத்தாலும் தெளிவாகச் சொல்ல முடியாது. லிம்போமாவுக்கு மருந்துச் சிகிச்சை, தைமோமாவுக்குக் கத்தி. ஆகவே ஸ்கான் பார்த்து ஊசியால் மாதிரி எடுத்த பிறகே ஸ்டீரொய்ட். இரத்தத்தில் கல்சியம் கூடியிருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டிலும் கூடும். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம் என்பதால் உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியான பபேசியாவையும் பார்த்து, இரத்தம் குறைவென்றால் முதலில் அதைத் திருத்துங்கள்.

நெஞ்சைத் திறக்க வென்டிலேற்றரும், இரவு முழுக்கப் பக்கத்தில் நிற்க ஆட்களும் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு எக்ஸ்ரேயை முன்கூட்டியே அனுப்பி, இவை இருக்கின்றனவா, சீ.ரி. ஸ்கான் எங்கே எடுக்கலாம் என்று கேட்ட பிறகே புறப்படுங்கள். திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஏசி வானில் விடியமுன் வெளிக்கிடுவதே நல்லது. நெஞ்சில் நீர் நின்றால் முதலே எடுத்துவிட வேண்டும்.

பெரிய கட்டிக்கு நெஞ்செலும்பை நடுவே அறுப்பார்கள். ஒரு நுனியை வெட்டாமல் விட்டால் தைத்த எலும்பு ஆடாது. கட்டி பெரிய நாளத்துக்குள் புகுந்திருந்தால் இரத்தம் பெருகும், அதனால் பொருந்தும் இரத்தம் தயாராக இருக்கட்டும். பிறகு நெஞ்சுக்குள் வைத்த குழாயில் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிரிஞ்சால் நீரை இழுத்து அளந்து எழுதுவார்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் அளவுக்கு இறங்கினால், அதாவது 20 கிலோ நாய்க்கு 40 மில்லிலீற்றர், குழாயை எடுக்கலாம்.

முழுதாக எடுக்க முடிந்த நாய்களில் பாதிக்கு மேல் ஒரு வருடம் தாண்டுகின்றன. வீட்டில் கழுத்துப்பட்டி வேண்டாம், உடற்பட்டி போடுங்கள். எதுக்களிக்கும் நாய்க்குச் சாப்பாட்டை உயரத்தில் வைத்து, பிறகு 15 நிமிடம் நிமிர்த்திப் பிடியுங்கள். இதை ஊரில் இருப்பவர்களுக்குச் செய்து காட்டிவிட்டே விமானம் ஏறுங்கள்.