தியான்ஜின் குத்தகை எல்லைகளில் ஒரு நடைச் சுற்றுலா

சீனாவின் தியான்ஜின் நகரில் ஒன்பது அயல்நாடுகள் ஒரு காலத்தில் தமக்கென ஆண்ட பகுதிகளை நான்கு மணி நேரத்தில் நடத்திக் காட்டும் இந்த வழிகாட்டிச் சேவையை, வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருக்கிறது.

முதலில் நிறையைச் சொல்கிறேன். ஜியேஃபாங் வடக்குச் சாலையை யிங்கோ சாலை வெட்டும் இடத்தில் எங்களை நிறுத்திய வழிகாட்டி, பழைய வரைபடத்தின் நகலை ஒரு திண்ணையில் விரித்து, காற்றில் பறக்காதபடி நான்கு மூலைகளிலும் எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை வைத்தார். பார்வைக்கு ஒரே நேர்ச்சாலைதான். வடக்கே பிரெஞ்சுப் பகுதியில் பிரான்ஸ் வீதி என்றும் தெற்கே பிரிட்டிஷ் பகுதியில் விக்டோரியா சாலை என்றும் அதற்கு இரண்டு பெயர்கள் இருந்தன. அந்தக் குறுக்குச் சாலையைத் தாண்டினால் காவலர், நகராட்சி, வரி எல்லாமே மாறிவிடும் என்று அவர் விளக்கியபோதுதான், 'குத்தகை எல்லை' என்ற பொருள் தரும் 'சூஜியே' என்ற சீனச் சொல் எனக்கு முழுமையாக விளங்கியது.

1860-இல் பிரிட்டிஷ் பகுதியின் எல்லையை அளந்த பொறியாளர் சார்லஸ் கார்டனின் பெயரில் 1890-இல் எழுந்த கோட்டை போன்ற மண்டபம், 1976 நிலநடுக்கத்தில் சேதமுற்று இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்திலேயே நிறுத்தி அதன் படத்தைக் காட்டியது சிறப்பு.

குறை இத்தாலியப் பகுதியில் தொடங்குகிறது. சதுக்கத்தையும் உணவகங்களையும் சுற்றுவதிலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் சென்றது. அந்த நிலம் இத்தாலியின் கைக்கு எப்படி வந்தது என்பது மட்டும் சொல்லப்படவில்லை. 1900 ஜூலையில், அயல்நாட்டவரை எதிர்த்த பாக்சர் கிளர்ச்சியை அடக்க வந்த பல நாடுகளின் கூட்டுப்படைகள் தியான்ஜினைக் கைப்பற்றி, 1902 வரை தாமே ஆட்சி நடத்தி, நகரின் பழைய மதிலையும் இடித்துத் தள்ளின. ரஷ்யா, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, பெல்ஜியம் ஆகிய நான்கு நாடுகளும் அந்தப் போரை ஒட்டித்தான் இங்கே நிலம் பெற்றன. இது தெரியாமல் அந்த மாடங்களைப் பார்ப்பவருக்கு அவை வெறும் அழகிய வீடுகளாகவே தோன்றும். மாண்டவர்களின் ஊரில் அப்படிப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. கேட்டபோது, நேரம் போதாது என்றார் வழிகாட்டி; உணவகங்களுக்கு ஒதுக்கியதில் கால் மணி நேரம் போதுமே.

முன்னாள் பேரரசர் புயி 1929 முதல் 1931 வரை வாழ்ந்த ஜிங்யுவான், ஜப்பானியப் பகுதியில் இருந்த வீடு. அது இந்தச் சுற்றுலாவில் அடங்காது. மறுநாள் தனியே சென்று பார்த்தேன். நடை நீண்டது, ஆகவே நல்ல காலணி அவசியம். முன்பதிவு செய்யும்போதே, 1900-ஆம் ஆண்டைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வழிகாட்டிக்கு அது தெரியாததல்ல.