பரிசல் அவர்களுக்கு, பட்டை நாமம் எனக்கு: 46,000 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டிலிருந்தே முப்பரிமாண மாடலிங் (கணினியில் பொருள்களின் உருவத்தை வடிப்பது) செய்பவர்கள் அவசியம் படியுங்கள். எனக்கு வரவேண்டிய 46,000 ரூபாய் வரவில்லை.

ஓசூரில் ஒரு சிறிய மொபைல் கேம் நிறுவனம். பெயர் வேண்டாம். ஃப்ரீலான்ஸ் வேலை தேடித் தரும் தளம் ஒன்றில் என்னைப் பிடித்தார்கள். முதல் அழைப்பிலேயே, "எனக்கும் காவேரிப்பட்டினம்தான் தம்பி. நம் ஊர்ப் பையன்களுக்கு வேலை கொடுக்கத்தான் இதை ஆரம்பித்தேன்" என்றார் முதலாளி. மாங்காய் மண்டி, மாமா வீடு என்று பேச்சு நீண்டது. அன்று மாலையே 4,000 ரூபாய் முன்பணம் வந்துவிட்டது. பிறகு அவரிடம் ஒப்பந்தப் பத்திரமா கேட்பது? மொத்தம் 50,000 என்று வாட்ஸ்அப்பில் பேசி முடித்தோம்.

கேமின் கதை ஒகேனக்கல்லில் நடக்கிறது. அதில் வரும் பரிசலைச் செய்து தருவதுதான் என் வேலை. பரிசலின் அடியில் மூங்கில் பிளாச்சு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பது, தார் பூசிய சாக்கு விளிம்பில் சுருங்கி மடிவது, எல்லாவற்றையும் இழை இழையாகச் செய்தேன். பாலிகான் (உருவத்தை ஆக்கும் சின்னச் சின்னப் பரப்புகள்) அதிகம், பழைய போனில் ஓடாது என்றார். குறைத்தேன், பின்னல் தெரியவில்லை என்றார். வெளியீடு நெருங்க நெருங்க, நள்ளிரவில் திருத்தப் பட்டியல் வரும். விடிவதற்குள் கோப்பு போயாக வேண்டும். "கேம் துறையில் கடைசி மாதம் எல்லோருக்கும் இப்படித்தான்" என்பார். இதற்கு 'க்ரஞ்ச்' என்று பெயர் வேறு! அமெரிக்காவில் 2004-இல் இதே கொடுமையை ஒரு கேம் நிறுவன ஊழியரின் துணைவி எழுதப்போய் ஊரே பேசியது. அந்த நிறுவனம் மிகைநேர ஊதிய வழக்குகளைப் பல மில்லியன் டாலர் கொடுத்துத் தீர்த்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-படி 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "நீ ஊழியர் இல்லையே தம்பி" என்று சிரித்தார்.

கோப்புகள் கைக்குப் போனதும் குரல் மாறியது. வெளியீட்டாளர் பணம் தரவில்லை. கணக்குப் பார்க்கும் அம்மா விடுப்பில் இருக்கிறார். ஜிஎஸ்டி எண் இல்லாமல் எப்படிப் பணம் போடுவது? (4,000 போட்டபோது அந்த எண் தேவைப்படவில்லை போலும்.) 46,000 ரூபாய்க்குப் பதில், "கேமில் உன் பெயர் வரும்" என்றார். பஸ் ஏறி நேரிலும் போனேன். அலுவலகம் என்பது பலர் பகிரும் கூடத்தில் ஒரு மேசை. அதையும் காலி செய்துவிட்டார்களாம். கேம் வெளிவந்துவிட்டது. தார் மடிப்பு உட்பட என் பரிசல் அப்படியே சுற்றுகிறது. பெயரைக் காணோம். கேட்டதும் என் எண்ணை முடக்கிவிட்டார். காவல் நிலையத்தில், கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள்.

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முழுப் பணம் வராமல் மூலக் கோப்பைத் தராதீர்கள். நீர்க்குறி போட்ட வீடியோ போதும். எத்தனை திருத்தம் என்று எழுதி வாங்குங்கள். பதிப்புரிமையை எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் மாற்றிக் கொடுக்க முடியும், அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சட்ட உதவிக்கு 15100.

அதே தளத்தில் இன்று புது விளம்பரம் பார்த்தேன். இந்த முறை தீர்த்தமலைக் கோயில் வேண்டுமாம். தருமபுரி மாவட்டத்தாருக்கு முன்னுரிமையாம்.