ரப்பர் மின்காப்புக் கையுறைகள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் விதிகளைப் பற்றிச் சில கருத்துகள்

தாழ் மின்னழுத்தப் பலகைகளில் பணிபுரியும்போது சிவப்பு முத்திரையுள்ள 0 வகுப்புக் கையுறைகளையும், உயரழுத்தக் கருவிகளின் அருகே மஞ்சள் முத்திரையுள்ள 2ஆம் வகுப்புக் கையுறைகளையும் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். சர்வதேச ஐஇசி 60903, அமெரிக்க ஏஎஸ்டிஎம் டி120 ஆகிய இரு தரநிலைகளும் இவ்வகைக் கையுறைகளை 00 முதல் 4 வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. வாங்குபவர் பெரும்பாலும் இந்த எண்ணை மட்டுமே பார்க்கிறார். ஆனால், நீண்ட காலம் பயன்படுத்திய பிறகு, ஒவ்வொரு வகுப்பின் சோதனை மின்னழுத்தத்துக்கும் பணியில் அனுமதிக்கப்படும் உச்ச மின்னழுத்தத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

0 வகுப்புக் கையுறையை 1,000 வோல்ட் மாறுமின்னோட்டம் வரை பயன்படுத்தலாம்; அதைச் சோதிப்பதோ 5,000 வோல்ட்டில். 2ஆம் வகுப்பின் வரம்பு 17,000 வோல்ட், சோதனை 20,000 வோல்ட். 4ஆம் வகுப்பில் அவை முறையே 36,000, 40,000. அதாவது, கீழ் வகுப்பில் ஐந்து மடங்காக இருக்கும் தாராளம் மேல் வகுப்புகளில் மிகச் சிறிதாகச் சுருங்கிவிடுகிறது. மேல் வகுப்புக் கையுறை தடிமனாக இருப்பதால் சிறு கீறலை அது தாங்கிக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த எண்களை ஒருமுறை பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

கீறல் விழாமல் காப்பது மேலே அணியும் தோல் கையுறைதான். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். கம்பி முனை, கூரிய தகட்டு விளிம்பு ஆகியவற்றைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தோல் கையுறை ரப்பரின் மேல் விளிம்பு வரை நீண்டுவிடவும் கூடாது, ஏனெனில் ஈரமான அல்லது அழுக்கடைந்த தோல் கையுறையின் வழியாக மின்சாரம் முழங்கைப் பக்கம் தாவிவிடலாம். இதற்காக அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்496 தரநிலை 0 வகுப்புக்குக் குறைந்தது 13 மில்லிமீட்டர், 2ஆம் வகுப்புக்கு 51 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது. நடைமுறையில் அதிகம் மீறப்படும் விதி, தோல் கையுறையை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதாகும். கம்பிச் சுருளைத் தூக்கப் பயன்படுத்திய தோல் கையுறைக்குள் ஓர் உலோகத் துகள் தங்கிவிட்டால் போதும், அது உள்ளிருந்தபடியே ரப்பரைக் குத்தத் தொடங்கிவிடும்.

அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 1910.137 விதிப்படி, கையுறைகளை முதல்முறை வழங்கும் முன்பும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மின்சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இந்த விதி அவசியமானது. ஆயினும், முத்திரையில் உள்ள தேதியே பாதுகாப்பைக் காட்டுகிறது என்ற தவறான நிம்மதியையும் அது தந்துவிடுகிறது. சோதனைக் கூடத்திலிருந்து வந்த மறுநாளே ஒரு திருகின் முனை ரப்பரைத் துளைக்கலாம். எனவே, நாள்தோறும் முதல் பயன்பாட்டுக்கு முன் செய்ய வேண்டிய காற்றுச் சோதனையையே நான் அதிகம் நம்புகிறேன். மேல் விளிம்பைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தின் அருகிலும் காதின் அருகிலும் பிடித்து, கசிவு உண்டா என்று கவனிக்க வேண்டும். அளவுக்கு மீறி ஊதினால் ரப்பர் தளர்ந்துவிடும் என்பதால் அதற்கும் வரம்பு உண்டு. அடுத்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்க்க வேண்டும். என் கையுறைகளில் தேய்மானம் முதலில் தெரிவது அங்கும் கட்டைவிரலின் அடியிலும்தான். உள்ளும் புறமும் வெவ்வேறு நிறங்கொண்ட கையுறையில் வெட்டுகள் எளிதாகக் கண்ணில் படுகின்றன. கூடுதல் விலைக்கு அது தகும் என்பது என் கருத்து.

ரப்பரின் ஆயுளைப் பயன்பாட்டை விடச் சேமிப்பு முறையே அதிகம் தீர்மானிக்கிறது. மடித்து வைத்தால் மடிப்பில் ரப்பர் இழுபட்டு நிற்கும். உயரழுத்தக் கருவிகளைச் சுற்றி உருவாகும் ஓசோன் அந்த இடத்தையே முதலில் தாக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். ஏஎஸ்டிஎம் முறையில் இரண்டாம் வகை (டைப் II; இது 2ஆம் வகுப்பு அன்று) என்று குறிக்கப்பட்டவை ஓசோனைத் தாங்குவன. ஆனாலும் அவற்றையும் மடிக்காமல், வெயில் படாமல், அதற்குரிய பையில் விளிம்பு கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைப்பதே முறை. பெட்ரோலியம் கலந்த கைப்பூச்சுகள் ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்வதால், வேலை நாளில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. வியர்வைக்கு மெல்லிய பருத்தி உள்ளுறை போதும்.

வசதியைப் பற்றிச் சொல்வதானால், 0 வகுப்புக் கையுறையின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர்தான் என்பதால் அதில் சிறு திருகுகளைக்கூடக் கையாள முடிகிறது. 2ஆம் வகுப்பில் அது ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர், தோல் கையுறையும் சேர்ந்தால் விரல்கள் விரைவில் களைத்துவிடுகின்றன. ஆகவே, அரை அளவு வித்தியாசத்தையும் பொருட்படுத்தி வாங்க வேண்டும்.

ஒரு சோடி சோதனைக்குச் சென்றிருக்கும் நாள்களில் வேலை நிற்காமலிருக்க இரண்டு சோடிகள் வைத்திருப்பது நல்லது. ஆனால், சோதிக்கப்பட்டும் வழங்கப்படாமல் கிடங்கிலேயே 12 மாதங்களைக் கடந்துவிட்ட சோடியை மீண்டும் சோதிக்காமல் பயன்பாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே 1910.137 விதி சொல்கிறது. இருப்புப் பதிவேட்டில் சோதனைத் தேதிக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கினால் அதைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.