பின்பக்க வாக்கர்: 8 மாதம் கழித்து எழுதுகிறேன்

வாங்கிய வாரமே எழுதியிருந்தால் இந்த வாக்கருக்கு 2 நட்சத்திரம்கூட கொடுத்திருக்க மாட்டேன். இப்போது 5-க்கு நாலரை. அந்த அரை எங்கே போனது என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் என் மகளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

அவளுக்கு 6 வயது. குறைமாதத்தில் பிறந்தவள். ஸ்பாஸ்டிக் டைப்லீஜியா, அதாவது பெருமூளை வாதத்தில் கைகளைவிட இரண்டு கால்களையும் அதிகமாக இறுக்கிப்பிடிக்கிற வகை. பேச்சு கணீரென்று இருக்கும், படம் வரைவாள், கால்தான் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், குதிகால் தரையில் படாது. இதற்குக் காரணமான, மூளையில் பட்ட காயம் நாளுக்கு நாள் பெரிதாகிற ஒன்றல்ல. ஆனால் பிள்ளை வளரும்போது எலும்பு நீள்கிற வேகத்துக்கு இறுகிப்போன தசை நீளாது, அதனால் தெரபியை விட்டால் ஏற்கெனவே கற்றதுகூட நழுவும். இதை எங்கள் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

3 வருடம் பாயிலேயே போனது. புரளுவது, தவழுவது, முட்டி போட்டு நிற்பது, குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. ஒரு வேளைக்கு 20 முறை எழ வேண்டும், அவளே எண்ணுவாள், 12-க்கு அடுத்து 15 என்று தாவுவாள், தெரபிஸ்ட் அக்கா ஒன்றும் சொல்லாமல் 13-லிருந்து மறுபடி ஆரம்பிப்பார், இவளும் முறைத்துக்கொண்டே எழுவாள். அந்த 20 எழுச்சிகள் இல்லையென்றால் எந்த வாக்கரும் எங்களுக்கு மூலையில் நிற்கும் இரும்புதான். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்பு எல்லோருக்கும் தெரிந்த, முன்னால் தள்ளிக்கொண்டு போகிற வாக்கர்தான் வைத்திருந்தோம். அதில் வண்டி முன்னே ஓடும், இவள் இடுப்பு பின்னால் தங்கிவிடும், மார்பைக் கம்பிமேல் சாய்த்துவிடுவாள். எந்நேரமும் தரையைப் பார்த்தபடியே நடப்பாள். பின்பக்க வாக்கரில் சட்டம் முதுகுப் பக்கம் இருக்கிறது, கைப்பிடி இரண்டு பக்கமும் வருகிறது, முன்னால் எதுவுமே கிடையாது. சாய்வதற்கு ஒன்றும் இல்லாததால் உடம்பு தானாக நிமிர்கிறது. பின்சக்கரம் முன்னால் மட்டும்தான் உருளும், பின்னோக்கித் தள்ளினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், அதனால் நின்று இளைப்பாறும்போது வண்டி பின்னால் நழுவுமோ என்ற பயம் இல்லை. எதிரில் ஆள் இருந்தால் நேராக அவர் பக்கத்தில் போய் நிற்கலாம், நடுவில் கம்பி தடுக்காது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் இவள் முதல் தடவை தன் அண்ணனுக்கு நேரே போய் நின்று, தலையை நிமிர்த்தி, "நான் உன் தோள் வரைக்கும் இருக்கேன்" என்று சொன்னபோது, இத்தனை நாள் அவள் உயரம் என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது உறைத்தது.

அளவு விஷயத்தில் கவனமாக இருங்கள். விற்றவர்கள் வயதைக் கேட்டு அனுப்பினார்கள், ஒரு அளவு பெரியதாக வந்துவிட்டது. கைப்பிடியை எவ்வளவு இறக்கியும் தோள்பட்டை காதருகே ஏறி நின்றது, 10 நிமிடத்தில் கழுத்து வலிக்கிறது என்று அழுதாள், மாற்றி வாங்க 3 வாரம் ஆனது. நான் 2 நட்சத்திரம் என்றது அந்த நாட்களைத்தான். வயதை வைத்து வாங்கவே கூடாது. ஏஎஃப்ஓ (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் உறை), ஷூ எல்லாம் போட்டு நிற்க வைத்து, தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்து, கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா என்று தெரபிஸ்டை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சரியான அளவு வந்த பிறகும் முதல் மாதம் 6 அடி, 7 அடி எடுத்து வைப்பாள், அதோடு உட்கார்ந்துவிடுவாள். நான் தினமும் அடிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தெரபிஸ்ட் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, எத்தனை அடி என்று எண்ணாதீர்கள், எங்கே போகணும் என்று அவளைக் கேளுங்கள்" என்றார். கேட்டேன். கைகழுவும் இடத்துக்குத் தானே போகணும் என்றாள். படுக்கையிலிருந்து அங்கே போக அவளுக்கு 22 அடி. 5 வாரத்தில் போய்விட்டாள். வெறுமனே நடக்கச் சொன்னால் ஏழாவது அடியில் உட்கார்கிறவள், போக ஒரு இடம் என்று இருந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு போகிறாள். இப்போது வாராவாரம் அவளே ஒரு இடத்தைச் சொல்கிறாள்: ஜன்னல், புத்தக அலமாரி, அண்ணன் மேசை.

எனக்கு மறக்காத நாள் அதுவும் இல்லை. நான்காவது மாதம், ஒரு சாயங்காலம், டேப்லெட் போதும் என்று வாங்கி வைத்துவிட்டேன். "உன்கூடப் பேச மாட்டேன்" என்றாள். வழக்கமாக அதற்கு மேல் அவளால் முடிவது முகத்தைத் திருப்பி கண்ணை மூடிக்கொள்வதுதான். என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் என்னை விட்டு விலகிப் போக என் கைதான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது, 5 வருடமாக. அன்றைக்கு சோபா ஓரத்தில் நின்ற வாக்கரை இழுத்தாள், எழுந்தாள், திரும்பினாள். டக், டக், டக் என்று சக்கரச் சத்தம் அடுத்த அறைக்குள் போனது. பின்னாலேயே கதவு படீரென்று சாத்தப்பட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளை என்னிடம் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாள், அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்! கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது, "அம்மா, கதவைத் திறக்காதே, நானே வருவேன்." கதவை உள்பக்கம் இழுத்துத் திறக்க வேண்டும், வாக்கரைப் பின்னால் நகர்த்த முடியாது, அதனால் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, ஒரு கையால் இழுத்து, இடுக்கில் நுழைந்து, கிட்டத்தட்ட கால் மணி நேரம் போராடினாள். நான் கைப்பிடியைத் தொடவில்லை. அந்தக் கால் மணி நேரம் அவள் செய்தது எந்தத் தெரபி அட்டவணையிலும் இல்லாதது.

சரி, அந்த அரை நட்சத்திரம். வாசற்படியில் சின்ன மேடு இருந்தால் முன்சக்கரம் சிக்கிக்கொள்கிறது. அகலம் அதிகம், குறுகலான குளியலறையில் திரும்பவே முடியாது, வாங்கும் முன் கதவுகளை அளந்துவிடுங்கள். மடக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள், உண்மைதான், ஆனால் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மடக்க முடியாது. கைப்பிடி உறை ஆறாவது மாதமே தேய்ந்துவிட்டது. முன்சக்கரத்தைப் பூட்டி நேராக மட்டும் போக வைக்கிற வசதி மிக நல்லது, ஆரம்பத்தில் அதைப் பூட்டியே பழக்குங்கள்.

இன்னொன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் இயக்கத்தை 5 நிலைகளாகப் பிரிக்கும் முறை ஒன்று 1997-லிருந்து இருக்கிறது. என் மகள் மூன்றாம் நிலை, கையில் பிடிக்க ஒரு துணை இருந்தால் நடக்கிறவர்கள் அதில் வருவார்கள். தூரம் அதிகமென்றால் சக்கர நாற்காலிதான், அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "வாக்கர் இல்லாமல் எப்போது நடப்பாள்?" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டுப் படிக்கிற பிள்ளையிடம் கண்ணாடி இல்லாமல் எப்போது படிப்பாய் என்று யாராவது கேட்பார்களா? அவள் நடக்கிறாள், இப்போதே.

போன வாரம் கைப்பிடியை ஒரு துளை மேலே ஏற்றினோம், வளர்ந்துவிட்டாள். பழைய துளையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள். மேலே இன்னும் 4 துளை பாக்கி இருக்கிறது, அதற்கும் சேர்த்து ஸ்டிக்கர் எடுத்து வைத்தாயிற்று.