டெலஸ்கோப் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்: சனியின் வளையத்தைக் காட்டி என்னை ஏமாற்றினார்கள்

2025 அக்டோபர் நடுவில் வாட்ஸப்பில் எனக்கு ஒரு படம் வந்தது. சனிக்கோள். வளையம் அகலமாக விரிந்து, அதில் வளையங்களைப் பிரிக்கும் காசினி இடைவெளி கறுப்புக் கோடாகச் சுற்றி ஓடியது. "போன வாரம் நம்ம கஸ்டமர் ஒருத்தர் வீட்டு மாடியில இருந்து எடுத்தது சார். இதே செட்டுதான்" என்றார் விற்றவர். அந்த ஒரு படத்தை நம்பித்தான் 36,000 ரூபாய் அனுப்பினேன். ஆறு அங்குல டெலஸ்கோப், கோள்களைப் படம் பிடிக்கும் கேமரா, உருவத்தை மேலும் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் எல்லாம் சேர்த்து அந்த விலை.

அந்தப் படம் பொய். சனியின் வளையம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி தெரியாது. சனி சூரியனைச் சுற்றிவர 29 வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதற்குள் இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பும். சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் எப்படித் தெரியுமோ, அப்படி மெல்லிய கோடாகிவிடும். 2025 மார்ச்சில் அதுதான் நடந்தது. அக்டோபரிலும் கிட்டத்தட்ட கோடுதான். அந்த மாதம் பூமியில் எந்த டெலஸ்கோப்பை வைத்து எடுத்திருந்தாலும் விரிந்த வளையம் கிடைத்திருக்காது. அவர் அனுப்பியது மாதிரி விரிந்திருந்தது 2017 வாக்கில். யாரோ எப்போதோ பாடுபட்டு எடுத்த படத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். இது எனக்குத் தெரியவந்தபோது பணம் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

பெட்டி வந்த அன்றே ஒரு ஸ்கேலை எடுத்து அளந்திருக்க வேண்டும். குழாயின் வெளிப்பக்கம்தான் ஆறு அங்குலத்தை ஒட்டி இருந்தது. ஆறு அங்குலம் என்பது உள்ளே ஒளியைச் சேர்க்கும் கண்ணாடியின் அகலம், அதாவது 150 மில்லிமீட்டர். எனக்கு வந்ததில் உள்ளே இருந்த கண்ணாடி 114 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் கண்ணாடியோடு ஒப்பிட்டால் ஒளியைச் சேர்க்கும் பரப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இன்னொன்றையும் கவனியுங்கள். குவியத் தூரம் (கண்ணாடியில் பட்ட ஒளி ஒரு புள்ளியில் சேரும் தூரம்) 1000 மில்லிமீட்டர் என்று ஒட்டியிருந்தார்கள், ஆனால் குழாயின் நீளம் அதில் பாதிகூட இல்லை. இப்படிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் சாதாரண நியூட்டோனியன் டெலஸ்கோப்பில் குழாய் ஏறக்குறைய குவியத் தூரத்தின் நீளத்துக்கு இருக்கும். இவ்வளவு குட்டையாக இருந்தால், உருவத்தைக் கூர்மையாக்கத் திருகும் ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸை ஒளித்துவைத்துத் தூரத்தை இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தேன், இருந்தது. இந்த அமைப்பில் மலிவாகச் செய்த கண்ணாடிகளைச் சரியாக நேர்ப்படுத்துவதே பெரும்பாடு, கோளின் உருவம் கூர்மையாகாது. பெட்டியின் மேல் "675 மடங்கு" என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். 114 மில்லிமீட்டரில் நல்ல இரவிலேயே 230 மடங்கைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும்.

கேமராதான் என்னை அதிகம் வருத்தியது. கோள்களை ஒற்றைப் புகைப்படமாக எடுப்பதில்லை. காற்று அலைந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு நொடியும் உருவம் நெளியும். அதனால் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் தெளிவானவற்றை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் மாதிரி மென்பொருளில் அடுக்கிச் சேர்க்கிறார்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், வீடியோ ரொம்ப நீண்டால் அதன் பட்டைகள் நகர்ந்து குழம்பிப்போகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை ஃபிரேம் கிடைக்கிறது, அதைக் கேமரா சுருக்காமல் தருகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்கு "5 மெகாபிக்சல், யூஎஸ்பி 3, நொடிக்கு 100 ஃபிரேம்" என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது 640க்கு 480 பிக்சல், நொடிக்கு 30 ஃபிரேம். மற்றதெல்லாம் மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கியது. அந்த அளவில் சுருக்காத இரண்டு நிமிட வீடியோ ஒரு ஜிபியைத் தாண்ட வேண்டும். எனக்கு வந்தது 90 எம்பி. யூஎஸ்பி பிளக்கின் உள்ளே நீல நிறம் இருந்ததை நம்பினேன். நிறம் யார் வேண்டுமானாலும் பூசலாம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "உங்க ஊர் காத்து சரியில்ல சார், பொறுமையா ஃபோகஸ் பண்ணுங்க" என்றார். பொறுமையாகவே இருந்தேன், டிசம்பர் முழுக்க. ஜனவரியில் வியாழன் நமக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது மிக நல்ல இடம், ஒளி கடந்துவரும் காற்று அங்கே குறைவு. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் தன் ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பை என் மொட்டை மாடிக்கே தூக்கிவந்தார். அதே இரவு, அதே காற்று. அவர் டெலஸ்கோப்பில் அவருடைய கேமராவை மாட்டினோம். பட்டைகள், பெருஞ்சிவப்புப் புள்ளி, ஒரு நிலவின் நிழல் எல்லாம் வந்தன. அதே கேமராவை என் டெலஸ்கோப்புக்கு மாற்றினோம். வெண்மஞ்சளாக ஒரு உருண்டை. "காத்து மேல பழி போடாதீங்க தம்பி" என்றார் அவர். சனி வளையத்தின் கதையை அன்றுதான் அவர் எனக்குச் சொன்னார்.

எனவே வாங்குகிறவர்கள் படத்தைக் கேட்காதீர்கள். அந்தப் படம் உருவான வீடியோ கோப்பை, எடுத்த தேதியோடு கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் தருவார் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவார்.

எனக்கு இன்றும் நெஞ்சு பதறுவது வேறு ஒன்றுக்கு. பெட்டியில் இலவசமாக ஒரு சிறிய கறுப்புக் கண்ணாடி இருந்தது, "சன்" என்று எழுதி, கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகிக்கொள்கிற மாதிரி. என் மகள் அதை மாட்டிச் சூரியனைப் பார்க்கத் தயாராக நின்றாள். ஐபீஸ் பக்கம் வருவதற்குள் வெயில் முழுவதும் குவிந்துவிடும். அந்தச் சூட்டில் கண்ணாடி சட்டென்று விரிசல் விட்டால் கண் போய்விடும், வலிகூடத் தெரியாது. சூரிய வடிகட்டி என்றால் குழாயின் முன்வாயை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெட்டியில் இந்தச் சிறு கண்ணாடி இருந்தால் இன்றைக்கே உடைத்துப் போடுங்கள். நான் சுத்தியலால் உடைத்தேன்.

பில்லில் "விளையாட்டுப் பொருள், 4,500 ரூபாய்" என்று எழுதியிருந்தார்கள். நான் அனுப்பியது 36,000 என்பதற்கு வங்கிக் கணக்கு விவரம் இருக்கிறது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், விற்றவர் பதிலே தரவில்லை. அப்புறம் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த வாட்ஸப் படத்தையும், 2025 அக்டோபரில் வளையம் எப்படி இருந்தது என்பதையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.

இதே மாதிரி செட் வாங்கியவர்கள் இருந்தால், விற்றவர் உங்களுக்கு அனுப்பிய படங்களை அழித்துவிடாதீர்கள்.