ஆறு வார நிர்வாகச் சட்ட இணைய வகுப்பு: உத்தரவு எழுதும் ஒருவரின் மதிப்பீடு

பதினோரு வருடமாக உரிமப் பிரிவில் கோப்பு பார்க்கிறேன். "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது; ஏற்க இயலவில்லை" என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. விதியில் அதிகாரம் இருக்கிறது, எழுதினால் செல்லும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் ரொன்கரெல்லி வழக்கு. மான்ட்ரியலில் உணவகம் நடத்திய மனிதர், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஏறக்குறைய 400 பேருக்குப் பிணை கொடுத்தார். அதற்காகவே 1946 டிசம்பரில் அவருடைய மதுபான உரிமம் ரத்து, இனி எப்போதும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆசிரியை சட்டப் பிரிவைத் திரையில் போட்டார்: ஆணையம் தன் விருப்பப்படி உரிமத்தை ரத்து செய்யலாம். "இதில் நிபந்தனை தெரிகிறதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அப்புறம்தான் 1959 தீர்ப்புக்கு வந்தார். எல்லையில்லாத விருப்புரிமை என்று ஒன்று கிடையாது. மதுபானச் சட்டம் தந்த அதிகாரத்தை அதற்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது கனடா உச்ச நீதிமன்றம். ரத்து செய்யச் சொன்ன மாகாண முதல்வர் டுப்ளெசி தனிப்பட்ட முறையில் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேலிருந்து வந்த ஒரே ஒரு ஃபோனுக்காக, காரணம் எழுதாமல் ஒரு பெண்மணியின் கடை உரிமத்தை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

வகுப்பின் உயிர் நான்காவது வாரம். நிராகரிப்பு உத்தரவு ஒன்றை நாமே எழுதி அனுப்ப வேண்டும். என்னுடையது மூன்று முறை திரும்பி வந்தது. முதல் குறிப்பு: "பரிசீலித்தது யார், எதை?" எந்த விதி, எந்த உண்மை, விண்ணப்பதாரர் சொன்னது என்ன, அதை ஏன் ஏற்கவில்லை, இவ்வளவும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். வழக்கு வந்தபின் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்த மூன்றாவது திருத்தத்தில்தான் உண்மையாகவே புரிந்துகொண்டேன்.

குறையும் உண்டு. இங்கிலாந்தின் வெட்னெஸ்பரி வழக்கை இருபதே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதில் திரையரங்க நிறுவனம் தோற்றது என்பதைச் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு 15 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்கக் கூடாது என்று உள்ளாட்சி போட்ட நிபந்தனை 1947-இல் நிலைத்தது. அதிகாரியின் நாற்காலியில் நீதிமன்றம் உட்காராது, எந்த நியாயமான அதிகாரியும் எடுக்க முடியாத முடிவைத்தான் தள்ளும். இதை விட்டால் கோப்பு பார்ப்பவருக்கு வீண் பயம்தான் மிஞ்சும். தீர்ப்பைத் தேடிப் படித்துத்தான் தெளிந்தேன்.

உத்தரவில் கையெழுத்துப் போடும் யாரும் தாராளமாகச் சேரலாம். நான்காவது வாரப் பயிற்சியை மட்டும் முதல் நாளே அனுப்பிவிடுங்கள், திருத்தம் வந்து சேர ஒரு வாரம் ஆகிறது.