கிளச் போன ஆல்டோ: திருகோணமலையில் மூன்று வருட ஓட்டம்

பாவித்த கார் தேடுகிற பலர், கிளச் வேலை இருக்கிறது என்று கேட்டதுமே அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நான் கிளச் தேய்ந்துபோன மாருதி ஆல்டோ ஒன்றைத் தெரிந்தே வாங்கி, மூன்று வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் ஓட்டி வருகிறேன். அந்த விலைக்கு இதைவிட நல்ல கார் எனக்குக் கிடைத்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடற்கரை ஊரில் கார் வாங்குகிறவர்களுக்கு இது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கியது 2022 கடைசியில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போயிருந்தது. பெற்றோலும் கியூஆர் கோடு காட்டி வாங்கும் பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. அந்த முறை ஜூலையில் தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அதனால் சின்ன என்ஜின் என்பதில் எனக்கு இரண்டாம் யோசனை இருக்கவில்லை. ஆல்டோ 796 சிசி, மூன்று சிலிண்டர், ஐந்து கியர் மனுவல். உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், கைவைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை.

முதலில் பார்த்ததெல்லாம் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடிய கார்கள். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். குனிந்து பார்த்தால்தான் கதை வேறு. கதவின் அடிவிளிம்பு, சில்லுக்கு மேல் வளைவின் உள்பக்கம், கால்மிதிக்குக் கீழே இருக்கும் தரைத் தகடு, சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடம் எல்லாவற்றிலும் துரு. சிலவற்றில் டிங்கரிங் செய்து மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். கடலோரம் வருடக்கணக்கில் நின்ற காரில் உப்பு தகட்டின் மடிப்புக்குள் போய்விடும். ஓரிடத்தில் வெட்டி ஒட்டினால் அடுத்த மாரி முடிய அதற்குப் பக்கத்தில் கொப்பளிக்கும். அந்தச் செலவுக்கு எல்லை கிடையாது. எனக்கு உண்மையான பயம் அதில்தான் இருந்தது.

அப்புறம் உவர்மலையில் ஒரு கார் விற்பனைக்கு இருப்பதாகத் தெரிய வந்தது. வேலை மாற்றலாகி வந்தவர், கண்டியில் இருந்து கொண்டுவந்த கார். விலையைச் சொல்லும்போதே, "கிளச் கொஞ்சம் வேலை இருக்கு" என்றும் சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. கண்டிக் கார் என்றால் கணக்கு லேசில் புரியும். ஏற்றத்தில், நெரிசலில், பெடலைப் பாதி மிதித்தபடி அரைக் கிளச்சில் நின்று நின்று போவதால் கிளச் பிளேட் சீக்கிரம் தேயும். ஆனால் உப்புக்காற்று படாததால் தகடு நன்றாக இருக்கும்.

கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. நேரே தரையில் படுத்து அடியைத்தான் பார்த்தார். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "கிளச் கழட்டிப் பூட்டுற சாமான் தம்பி. பாடி அப்படி இல்ல. இது நல்லா இருக்கு, ஓட்டிப் பாப்பம்."

உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் கத்தியது, ஸ்பீடோமீட்டர் முள் அப்படியே நின்றது. லேசாகக் கருகல் மணம். பெடல் முழுதும் மேலே வந்த பிறகுதான் கிளச் பிடித்தது. இவ்வளவும் தேய்ந்த பிளேட்டின் அடையாளம். ஆனாலும் நானா உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கேபிள் அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தாலும் கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், அப்படியென்றால் செலவே இல்லை. கேபிள் நட்டைத் தளர்த்தி பெடல் கொஞ்சம் சும்மா அசைய இடம் விட்டுப் பார்த்தார். பிறகு ஹாண்ட் பிரேக்கைப் பலமாக இழுத்து, நான்காம் கியரில் கிளச்சை மெல்ல விட்டார். நல்ல கிளச் என்றால் என்ஜின் உடனே நின்றுபோகும். இது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்து சத்தம். இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெடலை மிதிக்கும்போது இரைச்சல் வந்தால் அது கிளச்சை விலக்கும் ரிலீஸ் பெயரிங், கிளச் செட்டோடு மாறிவிடும். நியூட்ரலில், பெடலில் கால் வைக்காமல் இருக்கும்போது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் கியர்பெட்டிக்குள் இருக்கும் பெயரிங். அப்படியென்றால் செலவு வேறு மாதிரிப் போகும். இந்தக் காரில் மிதிக்கும்போது மட்டும்தான் சத்தம் வந்தது. கியர் ஐந்தும் ரிவர்ஸும் முரண்டு பிடிக்காமல் விழுந்தன.

காரின் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனி எதுவும் அப்சலூட் ஓனராக, அதாவது கடன் தீரும்வரை முழு உரிமையாளராக, பதிவாகியிருக்கவில்லை. பேசியதில் ஒரு லட்சம் குறைத்துத் தந்தார். கிளச் செட், லேத் கூலி, கராஜ் கூலி எல்லாம் சேர்த்து அதில் பாதிக்குச் சற்று மேல்தான் முடிந்தது.

வேலையை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். முன் சில்லு இழுக்கிற கார் என்பதால் கியர் ஒயிலை வடித்து, இரண்டு டிரைவ் ஷாப்டையும் கழற்றித்தான் கியர்பெட்டியை இறக்க வேண்டும். கூலியில் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றுவதற்குத்தான். ஆகவே பிளேட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பது சரிவராது. பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றினோம். செட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்தது. பழைய பிளேட் ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, பிரஷர் பிளேட்டில் சூட்டினால் நீலத் திட்டுகள். ரிவெட் உரசி, பிளேட் பிடிக்கும் என்ஜின் பக்கத்துச் சக்கரமான பிளைவீலிலும் கீறல் விழுந்திருந்ததால் அதை லேத்துக்கு அனுப்பி மேற்பரப்பைக் கடைந்து சமன் செய்தோம். கீறலோடு புதுப் பிளேட்டைப் பூட்டினால் கிளச் விடும்போது கார் உதறும். என்ஜினின் பின்பக்க ஒயில் சீலையும் அப்போதே மாற்றச் சொன்னேன். விலை சொற்பம், ஆனால் அது பின்னால் கசிந்து பிளேட்டில் ஒயில் பட்டால் முழு வேலையையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

புதுக் கிளச்சை ஆரம்பத்தில் சில நூறு கிலோமீற்றர் வரை வருத்தாமல் ஓட்டச் சொன்னார் நானா. அந்தக் காலத்தில் பெரிய ஏற்றம், பாரம் இரண்டையும் தவிர்த்தேன்.

மூன்று வருட ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்தான். கிண்ணியா, மூதூர் அடிக்கடி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பாதை கார்க்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் திருவிழா நாட்களில் நின்று நின்றுதான் போக முடியும், இடையில் மான்கள் வேறு குறுக்கே வரும். அங்கே நான் அரைக் கிளச்சில் காரைப் பிடித்து வைப்பதில்லை. ஹாண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் விட்டு, காலை எடுத்துவிடுவேன். கிளச் நீடிப்பதற்கு இந்தப் பழக்கம் ஒன்றே பாதிக் காரணம் என்று நம்புகிறேன். ஓடும்போது பெடலில் காலை வைத்துக்கொண்டே போகிறவர்கள் எவ்வளவு நல்ல செட் போட்டாலும் அது நிலைக்காது.

குறையும் இருக்கிறது. நாலு பேரோடு ஏசி போட்டு கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது லொறியை முந்த இடம் பார்த்து, கியரைக் குறைத்து, ஏசியையும் நிறுத்த வேண்டும். நெடுந்தூரத்தில் பாதைச் சத்தம் உள்ளே கேட்கும். சித்திரை வெயிலில் பின் சீற்றுக்கு ஏசி போதாது. குடும்பத்தோடு அடிக்கடி கொழும்பு போகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கிளச் கேபிள் ஒருமுறை மாற்றினேன். பெடல் படிப்படியாகப் பாரமானது, பார்த்தால் கேபிள் உறைக்குள் துரு. அதைக் கவனிக்காமல் விட்டால் எங்கேயாவது நடுவழியில் அறுந்துவிடும். வருடாவருடம் மாரி முடிந்ததும் அடியை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, துருத் தடுப்புப் பூச்சு அடிக்கிறேன்.

2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதியைத் திரும்ப அனுமதித்த பிறகு, விற்றுவிட்டுப் புதிதாக எடுக்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. வரியோடு சேர்த்து விலையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கிளச் இப்போதும் பெடலின் நடுப்பகுதியிலேயே பிடிக்கிறது, உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியர் சோர்வதில்லை. அடுத்த செலவு முன் ஷொக் அப்சோர்பர் இரண்டும். நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.